வாய் வைக்காத புகைச்சட்டி

என் புருஷன் பல்லில் புழு எடுப்பவர். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே கூடுகிற எந்தச் சந்தையிலும் 'புகை போடுறவர்' என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவரைப் புண்ணியவான் என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவருடைய சட்டியை ஏழு வருஷம் தலையில் சுமந்தவள் நான். அதற்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் சாக எனக்கு இஷ்டமில்லை.

கண்டங்கத்திரியைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. மழையே காணாத மேட்டு நிலத்திலும் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். இலையில் முள், காம்பில் முள், பூவுக்கு அடியிலும் முள். கோலிக்குண்டு அளவுக் காய், பழுத்தால் மஞ்சள். பங்குனி வெயிலில் அந்தப் பழத்தைப் பறிப்பது என் வேலை. இடுக்கி வைத்துப் பறித்தாலும் விரல் கிழியும். பழத்தைக் கீறி விதையை எடுத்து, சாம்பலில் புரட்டி, காயவைத்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருண்டையாகப் பிடித்து வைப்பேன்.

சந்தையில் அவர் செய்வது இதுதான். அகலமான மண்சட்டியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர். தண்ணீருக்கு நடுவே ஒரு கல். கல்லின்மேல், நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய உடைந்த ஏர்க்கொழு. கொழுவின்மேல் ஒரு உருண்டை விதை. உடனே ஓட்டை போட்ட கலயம் ஒன்றை அதன்மேல் கவிழ்த்துவிடுவார். ஓட்டையில் ஆமணக்கு இலையின் காம்பைச் செருகுவார். அது குழாய் மாதிரி உள்ளே பொள்ளலாக இருக்கும். வலிக்காரர் குந்தி உட்கார்ந்து, காம்பின் மறுமுனையை நோகிற பல்லுக்கு நேரே பிடித்துக்கொள்ள வேண்டும். புகை ஏறும். கண், மூக்கு, வாய் எல்லாவற்றிலும் தண்ணீராக ஊற்றும். வலிக்காரர் பிடரியை என் புருஷன் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "விடாதீங்க, விடாதீங்க, எறங்குது" என்பார்.

புகை நின்றதும் கலயத்தை எடுப்பார். சட்டித் தண்ணீரில், வெள்ளை நூலைக் கிள்ளிப் போட்டதுபோல, ஒரு முனை சுருண்ட சின்னச் சின்னப் புழுக்கள் மிதக்கும். ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்துப் பூவரச இலையில் வரிசையாக வைத்து எண்ணுவார். கூட்டமும் கூடவே எண்ணும்.

ஒருநாள் ஒரு குடியானவர் சண்டைக்கே வந்துவிட்டார். "ஏனுங்க, எனக்குப் பதினொண்ணுதானா? எங்க மாமனாருக்குப் பதினாறு வந்துச்சே!"

"அவரு ஊட்டுல திங்கறதுக்குச் சாஸ்திங்க. புழுவும் அங்கதானே போகும்" என்றார் என் புருஷன். கூட்டம் சிரித்தது. குடியானவரும் சிரித்தார். வலி குறைந்திருந்தது அவருக்கு. சூட்டிலும் புகையிலும் பல் கொஞ்ச நேரம் மரத்துப்போகும்.

நான் நம்பினேன். வாய் வைக்காமல் சட்டியைப் பற்றவைத்துப் பார்க்க ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு சேர்த்த விதையை யார் வீணாக்குவார்கள்?

எனக்கென்று ஒரு வேலையும் அந்தச் சந்தையில் இருந்தது. புழு எடுத்துக்கொண்டு எழுகிறவர் கையில் ஒரு மடிப்புப் பல்பொடி கொடுப்பேன். நான் இடித்தது. கருவேலம்பட்டை, கடுக்காய்த் தோல், உப்பு, கொஞ்சம் கிராம்பு. நான் பிறந்த வீட்டில் வேலங்குச்சியைத் தவிர வேறெதிலும் பல் துலக்கியதில்லை. சந்தைக்காரர்களுக்குக் குச்சி ஒடித்துக் கொடுக்க முடியாது என்று பட்டையைப் பொடியாக்கினேன். என் புருஷனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. "கையில எதாச்சும் குடுத்து அனுப்பணுமல்ல, குடு" என்பார். வாங்கியவர்கள் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். முகம் கோணும். "இதென்ன, நாக்கையே இழுத்துப் பிடிக்குது." சந்தை கலைந்த பிறகு புளியமரத்தடியில் என் மடிப்புகள் கிடக்கும். சிலவற்றை மாடு மிதித்திருக்கும். புழுவை மட்டும் இலையோடு பொட்டலம் கட்டி வீட்டில் காட்டக் கொண்டுபோவார்கள்.

அந்தப் பட்டையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணால் கண்டது. பட்டை சீவிய அரிவாள் கறுத்துப்போகும். ஒருமுறை பழைய சோற்றுப் பானைக்குள் ஒரு பட்டைத்துண்டு தவறி விழுந்து கிடந்தது. மறுநாள் அந்த நீச்சத்தண்ணி புளிக்கவே இல்லை. பக்கத்துப் பானை பொங்கி நுரைத்திருந்தது. மாமியாரிடம் திட்டு வாங்கிக்கொண்டு கொட்டினேன். அவ்வளவுதான்.

என் தங்கை என்னைவிட எட்டு வயது இளையவள். அப்பா இல்லை. அவளும் அம்மாவும் நாமக்கல் போகிற வழியில் ஒரு கரும்புக்காட்டு ஊரில் இருந்தார்கள். கரும்பு வெட்டுகிற பருவத்தில் அவள் ஆலைக்குப் போவாள். ஆலை என்றால் கரும்பைப் பிழிந்து வெல்லம் காய்ச்சுகிற கொட்டகை. அடுப்புக்குச் சக்கை போடுவதும் கொப்பரை வழிப்பதும் அவள் வேலை. கொப்பரை ஓரத்தில் ஒட்டிய பாகை வழித்து வாயில் போட்டுக்கொண்டால் யாரும் கேட்கமாட்டார்கள். விடியற்காலை முதல் பொழுது சாயும் வரை அவள் வாயில் பாகு இருக்கும். இருட்டோடு ஓட வேண்டும் என்று வேலங்குச்சியை விட்டுவிட்டாள். சாம்பலைத் தொட்டு ஒரு இழுப்பு, ஒரு கொப்பளிப்பு. மூன்றாவது பருவத்தில் கீழ்வரிசைக் கடைவாய்ப்பல் கறுத்தது. நான்காவதில் குழிந்தது.

அந்த வருஷம்தான் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பையனுக்குக் கெங்கவல்லிப் பக்கம். கொஞ்சம் மானாவாரிக் காடு, ஒரு ஜோடி மாடு. எங்கள் அத்தை ஒருத்தி அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள், அந்த வழியில் வந்த சம்பந்தம். பையன் ஆலைக்கே வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனானாம். "கரும்புச் சக்கையோட நின்னேங்கா, பூச்சாண்டி மாதிரி. அதுக்கே புடிச்சுப்போச்சாமா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு அந்தக் கல்யாணம் வேண்டும். ஆலையை விட்டுப் போகவேண்டும், தனக்கென்று ஒரு அடுப்பு வேண்டும். இதைத் தவிர வேறெதையும் அவள் கேட்டதில்லை.

வைகாசியில் கல்யாணம். மாசியில் பல்வலி பிடித்துக்கொண்டது. அம்மா சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று யோசித்தாள். அவளுக்குப் பயம். பல்லைப் பிடுங்கினால் கண் மங்கும் என்று நாலு பேர் சொல்லியிருந்தார்கள். என்னைக் கேட்டாள். நான் சொன்னேன், "மாமா இருக்கையில ஆஸ்பத்திரி எதுக்கு? கூட்டிட்டு வா."

அதைச் சொன்னது நான். வேறு யாரும் இல்லை.

முதல் தடவை பதினாலு புழு. இரண்டு நாள் நன்றாகத் தூங்கினாள். மறுபடி வலித்தது. அடுத்த வாரம் பதினேழு. இலையில் வரிசையாகக் கிடந்ததைக் குனிந்து பார்த்தாள். கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"அக்கா, போன வாரமே பதினாலும் வந்துருச்சே. இப்ப பதினேழு எங்கிருந்து? உள்ள குட்டி போடுதா?"

சிரித்தேன். அவளும் சிரித்தாள், வாயைத் திறக்க முடியாமல். அம்மாவோடு அவளை ஊருக்கு அனுப்பிவிட்டு வந்து பாத்திரம் கழுவினேன். அந்தக் கேள்வி போகவில்லை. பதினேழு புழு தங்க அந்தப் பல்லில் இடம் ஏது? ஒரு உளுந்து நுழையாத ஓட்டை அது.

மறுநாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. கொழுவைப் பழுக்கவைத்தேன். சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கல்லை வைத்தேன். சட்டி சுத்தமாக இருக்கட்டும் என்று முன்னாலேயே துணியால் இரண்டு தடவை துடைத்திருந்தேன். விதையைப் போட்டுக் கலயத்தைக் கவிழ்த்துக் காம்பைச் செருகினேன். காம்பின் நுனியை யார் வாயிலும் வைக்கவில்லை. அது சுவரைப் பார்த்துக்கொண்டு புகையை விட்டது. உள்ளே படபடவென்று வெடித்தது. அந்தச் சத்தத்தை ஏழு வருஷமாகக் கேட்டவள் நான். புழு துடிக்கிற சத்தம் என்று அவர் சொல்வார்.

கலயத்தை எடுத்தேன். தண்ணீரில் புழு.

எண்ணவில்லை. ஒன்றை எடுத்து நகத்தில் வைத்து நசுக்கினேன். சாறு இல்லை, ரத்தம் இல்லை. எண்ணெய் பூசாத ஒரு விதையை எடுத்து ஊறவைத்துக் கத்தி முனையால் கீறிப் பார்த்தேன். தட்டையான அந்த விதைக்குள் வெள்ளையாகச் சுருண்டு அதே புழு கிடந்தது. விதையின் முளை. சூட்டில் விதை வெடித்ததும் முளை தெறித்துத் தண்ணீரில் விழுகிறது. வேறொன்றும் இல்லை. நான் பறித்து, நான் காயவைத்து, நான் உருட்டிப் பிடித்த புழு.

பொழுது சாய அவர் வந்தார். சட்டியை அப்படியே முற்றத்தில் வைத்திருந்தேன். பார்த்தார்.

"யாருக்குப் போட்ட?"

"செவுத்துக்குப் போட்டேன். செவுத்துக்குப் பல்லு இருக்குதுங்களா?"

துண்டை உதறித் தோளில் போட்டார். முகத்தில் ஆச்சரியம் கொஞ்சமும் இல்லை. அதில்தான் எனக்குத் தெரிந்தது.

"வெளிய சொல்லாத" என்றார்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"எங்கப்பன் போட்டாரு. அவங்கப்பன் போட்டாரு. நேத்து வந்தவ நீ."

"எந் தங்கச்சிக்கும் போட்டீங்களே."

"வலி கொறைஞ்சுதா இல்லையா?"

"கொறைஞ்சுது."

"அப்பறம் என்ன?"

"உங்க வாயில ஏன் இதுவரைக்கும் ஒரு தடவைகூட வெச்சுக்கல?"

கை கழுவப் போனார். தினமும் காலையில் என் பட்டைப்பொடியில் பல் துலக்கிய மனுஷன் அவர். டப்பாவில் தீர்ந்துபோனால் காத்திருந்து கேட்டு வாங்குவார்.

மறுநாளே நான் ஊருக்குப் போய்த் தங்கையை இழுத்துக்கொண்டு சேலம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவளிடம் உண்மையைச் சொன்னால் அம்மாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும், பித்தலாட்டக்காரன் பெண்டாட்டி என்று என்னைச் சொல்வார்கள். அதை நினைத்துக்கொண்டு நாலு நாள் கழித்தேன். இதைப் படிக்கிறவர்கள் என் புருஷனை மட்டும் திட்டவேண்டாம்.

ஐந்தாம் நாள் அம்மாவிடமிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் அவள் முகம் ஒரு பக்கம் பூசணிக்காய். தாடையின் கீழே கல்லு மாதிரி வீங்கி, தோல் பளபளத்தது. வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. உலகச் சண்டைக்காலம் அது, பெட்ரோல் கிடையாது. பின்னால் கரியடுப்பு கட்டி அந்தப் புகையில் ஓடுகிற பஸ்ஸில் அவளை ஏற்றினேன். ஏற்றம் வருகிற இடத்திலெல்லாம் நின்று மூச்சு வாங்கிப் போயிற்று அந்தப் பஸ். பக்கத்தில் இருந்த அம்மாள் என் தங்கையைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"பல்லுங்களா அம்முணி? புழு எடுத்துப் பாத்தீங்களா? ஆட்டையாம்பட்டிச் சந்தையில ஒருத்தரு இருக்காரு. கைராசிக்காரரு."

என் மடியில் சாய்ந்திருந்த தங்கை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் தாடைக்குக் கீழே கீறிச் சீழ் எடுத்தார்கள். ஒரு பெரிய கிண்ணம் நிறைய வந்தது. மூன்று பல்லைப் பிடுங்கினார்கள். சில நாள் கழித்து, செத்துப்போன எலும்புச் சில்லு ஒன்றும் வெளியே வந்தது. உயிர் தப்பினாள். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் ஒரு பல்லோடு போயிருக்கும் என்றார் டாக்டர். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

புழுவைப் பற்றி நானே அவரிடம் சொன்னேன். சிரித்தார். இந்த ஜில்லாவில் மட்டும் இல்லை, எல்லா ஊரிலும் உண்டு என்றார். பிறகு என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். எதில் துலக்குகிறாய் என்று கேட்டார். மடியில் இருந்த பொடியைக் கொடுத்தேன். விரலில் தேய்த்து நாக்கில் வைத்தார். சந்தைக்காரர்கள் மாதிரி முகம் கோணவில்லை.

"என்ன பட்டை?"

"கருவேலங்க." அப்போது ஏனோ அந்தப் பழைய சோற்றுப் பானையின் கதையையும் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதேதாம்மா. பானையில சோத்தைப் புளிக்க வெக்கிறது கண்ணுக்குத் தெரியாத கிருமி. அதே மாதிரி வாய்க்குள்ளயும் இருக்கு. வெல்லம், பாகு, சோறு எது ஒட்டியிருந்தாலும் அதைத் தின்னு புளிக்க வெக்கும். அந்தப் புளிப்புதான் பல்லை அரிக்குது. இந்தப் பட்டையோட துவர்ப்பு அந்தக் கிருமிக்கு ஆகாது. வேம்பு, கிராம்பு, இதெல்லாமும் ஆகாது. தினம் இதுல துலக்கியிருந்தா உன் தங்கச்சிக்கு இவ்வளவு வந்திருக்காது."

"இப்பப் போட்டா?"

"இப்பவா? குழி விழுந்து எலும்புக்குப் போன பிறகு பட்டை என்ன செய்யும்?"

ஏழு வருஷம் ஒரு கையில் புழுச்சட்டியையும் மறு கையில் இந்தப் பொடியையும் வைத்துக்கொண்டு நான் சந்தை சந்தையாகத் திரிந்தேன். என் தங்கைக்குச் சட்டியைக் கொடுத்தேன்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் புருஷன் சந்தையில் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. "எங் கொழுந்தியா வாயில இருந்தே முப்பத்தொண்ணு எடுத்தேனுங்க. சொந்தத்துல போய்ப் பொய் சொல்லுவனா?" அது அவருக்கு நல்ல விளம்பரம். சந்தைக்குச் சந்தை போயிற்று. கெங்கவல்லிக்கும் போயிற்று.

சித்திரைக் கடைசியில் பையனின் அப்பா வந்தார். கூட எங்கள் அத்தையும் வந்தாள். என் தங்கை அப்போது என் வீட்டில் இருந்தாள். தாடைக்குக் கீழே கீறிய இடம் உள்ளே இழுத்து ஒரு குழியாக ஆறியிருந்தது. முந்தானையால் மூடிக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் சொம்பைத் தொடவில்லை. எங்கள் பக்கத்து மரியாதைப் பேச்சு அவருக்குக் கிடையாது. நேராகச் சொன்னார்.

"வடு இருக்கறது பத்தி இல்லம்மா. எங்க வூட்லயும் வடு விழுந்தவங்க இருக்காங்க. ஆனா வாயெல்லாம் புழு வெச்ச பொண்ணுன்னு ஊரு பேசுது. முப்பத்தொண்ணாமே. அந்த வாயில இருந்து பேரன் பேத்திக்கு வராதா? என் பொண்டாட்டி அந்தக் கையால தண்ணி வாங்கமாட்டேன்னுட்டா."

"புழுவே கிடையாதுங்க" என்றேன்.

"உன் வூட்டுக்காரர்தானே எண்ணிச் சொன்னாரு?"

"நாளைக்குச் சந்தை. ஒரு நாள் இருங்க. உங்க கண்ணுக்கு முன்னாலயே காட்டறேன். அப்பறம் உங்க இஷ்டம்" என்றேன். அத்தை அவர் காதில் ஏதோ சொன்னாள். இருக்கச் சம்மதித்தார்.

தங்கை அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "நானும் வாரேன்" என்றாள். வேண்டாம் என்றேன். "எம் பேச்சுத்தானே பேசப்போறீங்க? நா இல்லாம எப்படி?"

சந்தையில் என் புருஷனுக்கு முன்னாலேயே போய் அவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். கொழுவை நானே காய்ச்சினேன். பெண்பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கூட்டம் சேர்ந்தது. தறிக்காரர்கள், குடியானவர்கள், வெற்றிலை வாங்க வந்தவர்கள். என் புருஷன் வந்தார், கையைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றார். பையனின் அப்பாவை எனக்கு எதிரே உட்காரவைத்தேன். தங்கை முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு புளியமரத்தின் கீழே நின்றாள்.

"நல்லாப் பாத்துக்குங்க. யாரும் வாய் வெக்கல. இந்தக் காம்பு வெளிய கெடக்கற இந்தக் கல்லு மேலதான் இருக்குது." சத்தம் போட்டுச் சொன்னேன். விதையைப் போட்டுக் கலயத்தைக் கவிழ்த்தேன். புகை கல்லின்மேல் போயிற்று. உள்ளே வெடித்தது. அடங்கியதும் கலயத்தைத் தூக்கிச் சட்டியைப் பையனின் அப்பாவிடம் நீட்டினேன்.

"பாருங்க. புழு. யார் வாயில இருந்து வந்துச்சு? சொல்லுங்க."

எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பின்வரிசையில் இருந்து ஒரு தலைப்பாகைக்காரர் சொன்னார். "அம்முணி, உந் தங்கச்சி அங்க நிக்குதல்ல? அது வாயில இருந்துதான்."

"அவ பத்தடி தள்ளி நிக்கறாளே!"

"அதத்தான் நானும் சொல்றேன். பத்தடி தள்ளி நின்னதையே இழுத்துருச்சே! காம்புகூட வெக்கலயே! ஏனுங்க, என்ன மூலிகைங்க அது?"

கூட்டம் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. ஆமாம், ஆமாம் என்று நாலு பக்கமும் கேட்டது. புளியமரத்தடியில் இருந்தவர்கள் என் தங்கையை விட்டு விலகினார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி குழந்தையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அய்யோ, வெதைங்க! வெதைக்குள்ள இருக்கற மொளைங்க! கீறிக் காட்டறேன் பாருங்க" என்று கத்தினேன். எள்ளைவிடச் சற்றுப் பெரிய விதை அது. யார் கண்ணுக்குத் தெரியும்? தள்ளுமுள்ளில் கத்தி கீழே விழுந்தது. நான் என் புருஷனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை. அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள்.

அவர் முன்னால் வந்து கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "எல்லாம் பெரியவங்க குடுத்த வரமுங்க" என்றார்.

அதற்குள் அவர் முன்னால் ஏழெட்டுப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் குந்திவிட்டார்கள்.

பையனின் அப்பா மட்டும் எழவில்லை. கீழே சிந்திய விதையில் ஒன்றைப் பொறுக்கி, கட்டைவிரல் நகத்தால் பிளந்து, கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தார். காடு விதைக்கிற மனுஷன். அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அவர் முகத்திலேயே தெரிந்தது.

"நீ சொல்றது நெசந்தாம்மா" என்றார்.

"அப்பக் கல்யாணம்?"

விதையைக் கீழே போட்டார். "எனக்குத் தெரிஞ்சு என்னா பண்றது? இந்தக் கூட்டத்தைப் பாத்தியே. எங்க ஊரும் இதே மாதிரிதான். ஒவ்வொருத்தனையும் உக்கார வெச்சு வெதை ஒடச்சுக் காட்டிக்கிட்டு இருப்பனா? என் பையன் இந்தப் பொண்ணோட அந்த ஊர்ல பொழைக்கணுமே."

எழுந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். என் தங்கையிடம் போய் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அந்தப் பக்கமே திரும்பவில்லை. உண்மை தெரியாதவர்கள்மேல் எனக்கு இருக்கிற கோபத்தைவிட அந்த மனுஷன்மேல் எனக்குக் கோபம் அதிகம்.

அன்றோடு நான் சட்டி சுமப்பதை விட்டேன். கலயத்தை வீட்டு வாசலில் போட்டு உடைத்தேன். அவர் வேறு கலயம் வாங்கிக்கொண்டார். பழம் பறிக்க வேறு பெண்ணைப் பிடித்துக்கொண்டார். வாய் வைக்காமலே புழு இழுக்கிறவர் என்று பெயர் பெருகி, இரண்டு தாலுகா தாண்டி ஆள் வந்தது. அவருக்குச் சோறு போட்டேன், பேச்சைக் குறைத்துக்கொண்டேன். பட்டைப்பொடி டப்பா தீர்ந்தால் நிரப்பி வைத்தேன், அதை ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. சாகிறவரைக்கும் அவர் பல் ஒன்றுகூட ஆடவில்லை.

தங்கை என்னோடேயே இருந்துவிட்டாள். பக்கத்துத் தறிக்காரர் வீட்டில் நூல் சுற்றக் கற்றுக்கொண்டாள். வேறு வரன் ஒன்றும் வரவில்லை. ஏரிக்கரைக் கருவேலத்தில் தினமும் காலையில் குச்சி ஒடிப்பாள். எனக்கொன்று, அவளுக்கொன்று. மிச்சமிருந்த பல்லை மெதுவாகத் தேய்ப்பாள், பிடுங்கிய பக்கம் மென்மையாக, மறுபக்கம் கொஞ்சம் அழுத்தி. 'ஆஸ்பத்திரி எதுக்கு' என்று நான் சொன்னதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், முடிந்திருக்கும்.

அவர் செத்த பிறகும் ஆள் வருவது நிற்கவில்லை. போன மாதம்கூட ஒரு பெண் கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு வந்தாள். கூட அவள் மாமியார். "புழு எடுக்கற ஊடு இதுதானுங்களா?"

"அவரு இல்லைங்க. நேரா சேலம் ஆஸ்பத்திரிக்குப் போங்க. இன்னைக்கே போங்க" என்று சொல்லிவிட்டு, இன்னும் பல் நன்றாக இருக்கிற குழந்தைகளுக்கு ஆகட்டும் என்று ஒரு பொட்டலம் பொடியும் கொடுத்தேன். மாமியார் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்தாள். துப்பினாள். பொட்டலத்தை எங்கள் மதில்மேலேயே வைத்துவிட்டாள்.

"அவரு போனா என்னங்க, ஊட்டுல வேற யாருக்கும் எடுக்கத் தெரியாதுங்களா? ஒண்ணு ரெண்டாச்சும்?"

நூல் சுற்றிக்கொண்டிருந்த என் தங்கை நிமிர்ந்தாள். முந்தானையை விலக்கித் தாடைக் குழியை அவளுக்குக் காட்டினாள்.

"எங்கிட்ட முப்பத்தொண்ணு எடுத்தாங்கம்மா. ஒண்ணைக்கூட எங்கையில குடுக்கல. இருந்தா உங்களுக்குத் தந்திருப்பேன்."